இண்டிகேட்டருக்கு ரெசிஸ்டர் போடாதீங்க

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள். பைக்கில் ஒல்லியா ஒரு எல்இடி இண்டிகேட்டர் வாங்கி மாட்டியிருப்பீர்கள். சுவிட்சைத் தள்ளினதும் அது பேய் பிடிச்ச மாதிரி படபடவென்று மின்னியிருக்கும். கடைக்கு ஓடினால், தங்க நிறத்தில் விரல் நீள அலுமினியக் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதைப் பேரலல்ல போட்டுரு தம்பி, சரியாயிரும்" என்றிருப்பார்கள். சரியாகியும் இருக்கும்.

நாங்களும் போட்டோம். எங்களுக்கும் சரியானது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று மண்டையில் ஏற, உருகிப்போன ஒரு பின்பக்கப் பேனலும், ஒரு ஜூனியரின் முழங்கையில் ஆறு தையலும் தேவைப்பட்டன. அந்த வண்டியை ஓட்டினவன் நான். அதனால் இதை எழுதுகிற பொறுப்பும் எனக்குத்தான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் நாலு பேர், ஃபைனல் இயர் பிராஜெக்ட். பழைய மாருதி 800 ஒன்றின் 796 சிசி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, இரும்புக் குழாயில் நாங்களே வெல்ட் பண்ணின சேசிஸில், சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். ரெண்டு சீட். மேலே ஃபைபர் பாடி. வேலை நடந்தது நாமக்கல்லில், நண்பனின் மாமா வைத்திருக்கும் லாரி பாடி கட்டுகிற பட்டறையில். சேசிஸுக்கு நாலு மாசம், சஸ்பென்ஷனுக்கு ரெண்டு மாசம், எஞ்சினை உட்கார வைக்க ஒன்றரை மாசம் ஆனது. லைட்டுக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு ராத்திரி. அதுவும் மறுநாள் வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் காலேஜுக்குக் கொண்டு போக வேண்டிய ராத்திரி.

எல்இடி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குதிக்கிற வண்டியில் இழை பல்பு சீக்கிரம் அறுந்துபோகும், எல்இடி தாங்கும். இழை சூடாகி முழு வெளிச்சம் தர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், எல்இடி அந்தக் கணமே எரியும். பிரேக் லைட்டில் இது பெரிய விஷயம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் 0.2 விநாடியில் நாலரை மீட்டர் கடந்துவிடுவார். கரண்டும் மிச்சம். எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் நாங்கள் எல்இடி வாங்கினது இதுக்கெல்லாம் இல்லை. பார்க்க கெத்தா இருந்தது, வாங்கினோம்.

சரி, அது ஏன் படபடவென்று மின்னுகிறது? இண்டிகேட்டருக்குப் பின்னால் பிளாஷர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். டிக் டிக் என்று சத்தம் போடுவது அதுதான். அந்தக் காலத்துப் பிளாஷரில் இரண்டு உலோகம் ஒட்டின ஒரு தகடு, சூடானால் வளையும், ஆறினால் நிமிரும். இப்போது உள்ளே ஒரு ஐசியும் ரிலேயும். ரெண்டுமே பல்பு இழுக்கிற கரண்டை நம்பித்தான் வேலை செய்கின்றன. முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், ஆக 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். ஒரு பல்பு போய்விட்டால் கரண்ட் பாதியாகும். ஐசி அதைக் கண்டுபிடித்து, மின்னுகிற வேகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். எல்இடி இழுப்பதோ 0.2 ஆம்பியர்தான். பிளாஷரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் பல்பே இல்லை.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்தப் படபடப்பை நாம் 'கோளாறு' என்கிறோம். அது கோளாறு இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனால் தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. அவனுக்கு "அண்ணே, உன் பின்னாடி ஒரு பல்பு போச்சு" என்று சொல்ல வண்டிக்கு இருக்கிற ஒரே வாய் அதுதான். எங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்தோம், நிமிஷத்துக்கு 160க்கு மேல். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 60க்குக் குறையாமல் 120க்கு மிகாமல் இருக்க வேண்டும். அதனால் எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடினோம். சேதி என்ன என்று கேட்கவில்லை.

ரெசிஸ்டர் செய்வது என்ன? 6 ஓம், '50 வாட்' என்று அச்சடித்திருக்கும். எல்இடிக்குப் பேரலலாகப் போட்டால் அது தனியாக 2 ஆம்பியர் இழுக்கும். பிளாஷர், "ஆங், பல்பு இருக்கு" என்று நம்பிவிடும். கணக்குப் போடுங்க: 12 வோல்ட்டில் 24 வாட். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட், அப்போது ஏறக்குறைய 33 வாட். 21 வாட் பல்பை எடுத்துவிட்டு, 2 வாட் எல்இடியும் கூடவே 24 வாட் சூடும் மாட்டியிருக்கிறோம். கரண்டு மிச்சமாம்! அந்த '50 வாட்' கூட, அதை ஒரு நல்ல அலுமினியத் தகட்டில் திருகி இறுக்கினால் மட்டும்தான். நாங்கள் கேபிள் டை போட்டு ஃபைபர் பேனலில் கட்டினோம். நம்ம லேபில் கிடக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் நாலைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

காலேஜ் ஷெட்டில் பிரேக்கில் காற்று எடுத்துக்கொண்டிருந்தோம். யாரோ ஹஸார்ட் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அரை மணி நேரம். முதலில் நாற்றம் வந்தது, பிறகு புகை. இடது பின்பக்கம் ஒயரின் தோல் உருகி, ஃபைபரில் ரெசின் கருகி ஒரு கையகலத்துக்குப் பொங்கியிருந்தது. நல்லவேளை, பெட்ரோல் டேங்க் வலது பக்கம். இந்த வாக்கியத்தை இப்போது டைப் பண்ணும்போதும் வயிற்றில் என்னவோ செய்கிறது.

அன்று சாயங்காலமே நாலு ரெசிஸ்டரையும் கழற்றி எறிந்துவிட்டு, எல்இடிக்கென்றே விற்கிற பிளாஷரை வாங்கி மாட்டினோம். இது கரண்டைப் பார்க்காது, எப்போதும் ஒரே வேகத்தில் மின்னும். சுவிட்சைப் போட்டேன். மீட்டரில் பச்சை விளக்கு அழகாக, நிதானமாக மின்னியது. பின்னால் போய் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் ரிவ்யூ. ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிடலாம் என்று எடுத்தேன்.

ஹாஸ்டல் ரோடு. இருட்டுகிற நேரம். ஷெட்டுக்குத் திரும்ப வலது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஸ்கூட்டியில் ஒரு மூணாவது வருஷ ஜூனியர். நான் வலது பக்கம் ஒடித்த அதே நொடியில் அவர் என் வலது பக்கமாக முந்த வந்தார். முன்சக்கரத்தில் இடித்து விழுந்தார். வேகம் குறைவு, ஹெல்மெட் போட்டிருந்தார், முழங்கையோடு போயிற்று. தூக்கி உட்கார வைத்தபோது அவர் சொன்னது: "அண்ணா, நாலு லைட்டும் மின்னுச்சு. நீங்க நிக்கறீங்கன்னு நினைச்சேன்."

நான் முதலில் அதை நம்பவில்லை. வலது பக்கம்தானே போட்டேன்! போய்ப் பார்த்தால் சுவிட்ச் வலது பக்கம்தான் இருக்கிறது. நாலும் மின்னிக்கொண்டிருக்கிறது.

என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பக்கக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தோம், மாட்டவில்லை. திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. எல்லாவற்றையும் ஒயர் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பொண்ணு செய்தது சரி. நாலும் மின்னினால் வண்டி நிற்கிறது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வண்டி அவரிடம் பொய் சொன்னது, அவர் நம்பினார்.

அன்று ராத்திரி மூணு மணி வரை சுவிட்சை மாற்றிப் பார்த்தோம், பிளாஷரை மாற்றிப் பார்த்தோம், மல்டிமீட்டரோடு ஒயர் ஒயராகத் தேடினோம். ஒரு இடத்திலும் ஷார்ட் இல்லை. காலையில் நாமக்கல் பட்டறையில் லாரிகளுக்கு ஒயரிங் போடுகிற எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. "மீட்டர்ல இண்டிகேட்டர் லைட் ஒண்ணா, ரெண்டா?"

ஒன்று. எங்கள் மீட்டர் ஒரு பழைய பைக்கிலிருந்து எடுத்தது. இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்கு.

"அப்ப அதுதாந் தம்பி. அது எர்த்துக்குப் போகாது. அந்தப் பக்க பல்பு வழியாத்தான் எர்த் எடுக்கும்."

இது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று பாருங்க. அந்தக் குட்டி பல்பின் ஒரு முனை இடது ஒயரில், மறுமுனை வலது ஒயரில். இடது பக்கம் 12 வோல்ட் வந்தால் கரண்ட் குட்டி பல்பு வழியாகப் போய், வலது பக்கத்து 21 வாட் பல்புகளின் வழியே எர்த்துக்கு இறங்கும். ஆறின இழையின் தடை ஒரு ஓம்கூட இருக்காது. அந்தச் சின்ன கரண்ட் அதை எரிய வைக்காது, வெறும் ஒயர் மாதிரிக் கடந்து போய்விடும். ஒரு பல்பு, ஒரு ஒயர் மிச்சம். இழை பல்பு இருந்தவரை இது சரியாக ஓடியது. எல்இடி மாட்டினதும், அந்தச் சின்ன கரண்டே எதிர்ப்பக்கத்து எல்இடிகளை எரிய வைக்கப் போதும். ஆக நாலும் மின்னும்.

ரெசிஸ்டர் இருந்தபோது ஏன் இது தெரியவில்லை? எதிர்ப்பக்கத்து எல்இடிக்குப் போக வேண்டிய கரண்டை அந்த 6 ஓம் ரெசிஸ்டர்கள் எர்த்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. பிளாஷரை ஏமாற்றப் போட்ட சாமான், அடியில் இருந்த இன்னொரு தப்பையும் சேர்த்து மூடி வைத்திருந்தது. அதனால்தான் இதைப் போடாதீங்க என்கிறேன். சூடு மட்டும் பிரச்சினை என்றால் நல்ல தகட்டில் திருகிவிட்டுப் போய்விடலாம். ரெசிஸ்டர் இருக்கும் வரை பின்னால் எல்இடி செத்துப்போனாலும் பிளாஷர் நிதானமாக டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். வண்டிக்கு இருந்த அந்த ஒரு வாயைத் துணி வைத்து அடைத்துவிட்டோம்.

நாலும் மின்னுவதற்குத் தீர்வு இரண்டு டயோடு. 1என்4007, பெட்டிக்கடை மிட்டாய் விலை. இடது ஒயரிலிருந்து ஒன்று, வலது ஒயரிலிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்து குட்டி பல்பின் ஒரு முனைக்கு. மறுமுனையை நேராக எர்த் பண்ணுங்க. அவ்வளவுதான். மூணாவது செமஸ்டரில் டயோடுக்கு வரைபடமெல்லாம் போட்டுப் பதிமூணு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இது எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் டீமிலேயே ஒருவன் கேட்டான்: "மச்சான், ரோட்டுல ஓடப்போறதே இல்ல. இதுக்கு எதுக்கு இண்டிகேட்டர் ஆராய்ச்சி?" நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. வீட்டில் கட்டின வண்டியை நம் ஊரில் அவ்வளவு லேசில் ரிஜிஸ்டர் பண்ண முடியாது. புது மாடல் எதுவாக இருந்தாலும் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை மையங்களில் ஒப்புதல் வாங்க வேண்டும். அது கம்பெனிகளுக்கான வழி, நாலு ஸ்டூடண்ட்ஸுக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒரே ஒரு வண்டி கட்டினவரும் அதைக் கொண்டு போய்ச் சோதனைக்கு நிறுத்தி ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்கலாம். அந்தச் சோதனையில் இண்டிகேட்டரின் நிறம், இடம், மின்னும் வேகம் எல்லாம் பார்ப்பார்கள். நமக்கு அப்படிப் பார்க்க ஆளே இல்லை. ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்குப் போகிற வண்டிகளுக்கும் பிரேக் லைட் கட்டாயம், இண்டிகேட்டர் தேவையே இல்லை. அதனால் டீமில் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் நாம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஹாஸ்டல் ரோடும் ரோடுதான். அங்கே ஸ்கூட்டி போகும், தண்ணி லாரி போகும், சாப்பாட்டுக்கு நடந்து போகிறவர்கள் போவார்கள். அவர்கள் யாரும் நம் பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வரவில்லை. நம் வண்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரிவதெல்லாம் அந்த நாலு விளக்கு சொல்கிறதுதான்.

ரிவ்யூவிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். சேசிஸுக்கு எவ்வளவு வளைவு வருகிறது, சேஃப்டி ஃபேக்டர் எவ்வளவு, கலர் கலரான படம் எங்கே என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். வயரிங் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்போம், எங்களிடம் இருக்கவே இல்லை. நாங்களும் அதைத்தான் செய்தோம். எலக்ட்ரிகல் என்றால் ஜூனியர் பசங்க வேலை, கடைசி வேலை, ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முந்தின வேலை.

ரிவ்யூ முடிந்த பிறகு உட்கார்ந்து மறுபடி பண்ணினோம். மார்க் வராது, ஆனாலும். எல்இடி பிளாஷரையும் எடுத்துவிட்டோம், ஏனென்றால் அது ஒரே வேகத்தில் மின்னுகிறது என்பது அதன் நல்ல குணமும் கெட்ட குணமும். பல்பு போனாலும் அதற்குத் தெரியாது. அதற்குப் பதில் ஒரு ஆர்டுயினோ நானோ, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என இரண்டு மாஸ்ஃபெட். நாலு விளக்கின் எர்த் ஒயரையும் தனித்தனியாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் 1 ஓம் ரெசிஸ்டர் சீரியஸில். 0.2 ஆம்பியர் ஓடினால் அதன் மேல் 0.2 வோல்ட் வரும், நானோ அதைப் படிக்கும். வரவில்லை என்றால் அந்த விளக்கு செத்துவிட்டது, மீட்டரில் பச்சை விளக்கு இரண்டு மடங்கு வேகத்தில் மின்னும். ஒரு ரெசிஸ்டரில் 0.04 வாட்தான் வீணாகிறது. ஆமாம், இதுவும் ரெசிஸ்டர்தான். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வராதீங்க.

தனி எர்த் ஒயர் இழுத்ததில் இன்னொரு நல்லதும் நடந்தது. ஃபைபர் பாடிக்கு பாடி எர்த் கிடையாது. நாங்கள் ஏதோ ஒரு போல்ட்டில் எர்த்தைக் கட்டி, அந்த போல்ட் ஃபைபரோடு மட்டும் தொட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். முன்பக்க வலது விளக்கு ஏன் எப்போதும் மங்கல் என்று ஒரு மாசமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

இடத்தையும் மாற்றினோம். ஹெட்லைட்டை ஒட்டி வைத்தால் பார்க்க ஸ்டைல்தான், ஆனால் எரிகிற ஹெட்லைட் பக்கத்தில் அம்பர் விளக்கு காணாமல் போய்விடும். ஐரோப்பிய விதிகளில் ஹெட்லைட்டிலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் முன் இண்டிகேட்டருக்குக் குறைந்தது 175 கேண்டெலா போதும், 20க்குள் நெருங்கினால் 400 வேண்டும். நாங்கள் ஒரு சாண் தள்ளி வைத்தோம், அழகு போயிற்று. பின்னால் சிவப்பாக மின்னுகிற எல்இடி பட்டை ஒன்றும் வாங்கியிருந்தோம். அமெரிக்காவில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கலாம், நம் விதியில் அம்பர்தான். அது இப்போது ஹாஸ்டல் ரூமில் ஜன்னலுக்கு மேலே எரிகிறது.

வண்டி ஷெட்டில் நிற்கிறது. அடுத்த வருஷம் அதை எடுக்கப்போகிற டீமுக்கு ஒரு வேண்டுகோள்: சேசிஸ் படம் வரைகிற முதல் வாரத்திலேயே வயரிங் படத்தையும் வரையுங்க. நாங்கள் கடைசியில் வரைந்த படம், லேமினேட் பண்ணி ஷெட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. டயோடு இரண்டும் சிவப்பு மையில். முழங்கையில் தையல் போட்ட அந்த ஜூனியர் இப்போது உங்கள் டீமில் எலக்ட்ரிகல் பார்க்கிறார். சுவிட்சைப் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டால் அவர் விடமாட்டார். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.